சந்தனம் பூசிய ஆர்மோனியம்

பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே, "எங்கே, ஏதாவது வாசியுங்களேன்" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி காற்றடிப்பதுதான். அதை வாசித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அறுபதுகளில் திருவள்ளூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு ஆர்மோனியம். அதன் துருத்தியை எலி கடித்திருந்தது. பள்ளிக்கூட ஆயா துணி வைத்துப் பசை தடவி ஒட்டியிருந்தார். ஒரு கையால் அடித்தால் பாதிக் காற்று ஒட்டின இடத்தில் புஸ்ஸென்று போய்விடும். அதனால் எங்கள் பள்ளியில் மட்டும் ஆர்மோனியத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள், இன்னொருத்தி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் துருத்தியை அடிப்பாள். வாசிப்பவள் தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் மகள். அடிப்பவள் நான். நாற்று நட்ட கை, பலமாக இருக்கும் என்று பாட்டு டீச்சர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். அந்த அம்மாள் மதராஸிலிருந்து ரயிலில் வருவார். வந்ததிலிருந்து போகிற வண்டிக்கு நேரமாகிவிட்டதா என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடித்துக்கொண்டே நான் அவள் விரல்களைப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் காலைப் பிரார்த்தனைப் பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஹெட்கிளார்க் மகள் பள்ளிப் படிப்பை முடித்துப் போனதும், நான் வாசிக்கிறேன் என்று தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சரி, உட்காரு, பார்க்கலாம்" என்றார்.

முன்னால் உட்கார்ந்து விரலை வைத்தேன். எல்லாம் தலைகீழ். எதிர்ப்பக்கமிருந்து பார்த்துப் படித்ததால் அவளுக்கு இடது எனக்கு வலதாகப் பதிந்திருந்தது. பாட்டு மேலே போகவேண்டிய இடத்தில் என் விரல் கீழே போயிற்று. எனக்காகக் காற்றடிக்க வந்திருந்த சிநேகிதி துருத்தியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை நாள் படித்ததையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் வராது?

பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து பழகினேன். ஐந்து மணி வண்டி போய்விடும். அடுத்த வண்டியைப் பிடித்துச் செவ்வாப்பேட்டையில் இறங்கி வயல் வரப்பில் நடந்து வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு ஜோடி மாடு. சாயங்கால வேலையெல்லாம் அம்மா ஒருத்தி தலையில் விழுந்தது.

"இன்னாம்மே, பள்ளிக்கூடம் எப்பவோ உட்டாச்சு. நீ விளக்கு வச்சப்புறம் வர்றே. நாலு பேரு கேக்குறாங்க."

"பாட்டுப் பொட்டி கத்துக்கினு இருக்கேன் நைனா."

"கத்துக்கினு இன்னா பண்ணப்போற?"

"பள்ளிக்கூடத்தப் பாக்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. அன்னிக்கு நான்தான் வாசிக்கணும்" என்றேன்.

"சரி, அதுவரிக்கும் போய்க்கினு வா. நானும் வந்து கேக்குறேன். அப்பால பாக்கலாம்."

அந்த 'அப்பால பாக்கலாம்' என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அப்பா மனசு இளகாத ஆள் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் கையால் வாசிப்பதைக் காதால் கேட்டுவிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்று நம்பினேன். அதற்கப்புறம் எந்த வண்டியில் வந்தாலும் கேட்கமாட்டார்.

அன்றைக்கு வாசிக்க வேண்டியது தமிழம்மா எழுதிய வரவேற்புப் பாட்டு. நடுவில் ஒரு வரி படியேறுவது போல ஏறிச் சட்டென்று இறங்கும். அங்கேதான் என் மோதிர விரல் சண்டித்தனம் செய்தது. விடாமல் உட்கார்ந்தேன். ஒரு நாள் சாயங்காலம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பிசகு இல்லாமல் வந்துவிட்டது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இப்பதாம்மா பாட்டு மாரி கீது" என்றார். அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற நாள் சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாளாக அமைந்தது. விடுமுறைக்கு முன்பே பள்ளியில் பூஜை. ஆயா ஆர்மோனியத்தை ஈரத்துணியால் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் திறந்து வைத்தார். தலைமையாசிரியை சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். புத்தகக் கட்டுக்கு ஒரு பொட்டு, படத்திலிருந்த வீணைக்கு ஒரு பொட்டு. ஆர்மோனியத்துக்கும் ஒன்று வைத்தால் போதாதா? ஒவ்வொரு கட்டைக்கும் வைத்தார். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எதையும் விடவில்லை. கல்யாண வீட்டுச் சந்தனம் போலத் தண்ணீராகக் கரைத்திருந்தார்கள். அது வழிந்து கட்டைகளின் இடுக்கில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"போதும் டீச்சர்" என்றேன்.

"பூஜை நேரத்தில் போதும் என்று சொல்லுவாயா? வாயை மூடு."

பூஜை முடிந்ததும் துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். விஜயதசமி மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்று அறையைப் பூட்டினார்கள். சாமி காரியம், எதிர்த்துப் பேச முடியுமா? விடுமுறை முழுவதும் மழை வேறு. வீட்டில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று முதல் வண்டியிலேயே போனேன். சந்தனம் காய்ந்து ஏடு ஏடாக வெடித்திருந்தது. 'ச' கட்டையை அழுத்தினேன். உள்ளே போனது, மேலே வரவில்லை. 'ரி' அசையவே இல்லை. சிநேகிதி காற்றடித்தாள். அமுங்கிப் போன 'ச' மட்டும் கன்றை இழந்த மாடு போல ஓயாமல் கத்தியது.

"அம்மா தாயி, சரஸ்வதிக்கு இன்னா கோவமோ" என்று ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரஸ்வதிக்கு ஒரு கோவமும் இல்ல. சந்தனம் ஒட்டிக்கினு கீது" என்று வள்ளென்று விழுந்தேன்.

கொண்டை ஊசியால் சுரண்டினேன். நகம் பிய்ந்தது. நாலு கட்டை சரியாவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. தலைமையாசிரியை ஓடி வந்து பார்த்தார். முகம் வெளுத்துப் போனதே தவிர, தன் கைவேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

"காற்று அடிக்காதீர்கள். பிள்ளைகளை உரக்கப் பாடச் சொல்கிறேன். நீ கையை மட்டும் ஆட்டிக்கொண்டிரு."

"நான் எழுந்துடறேன் டீச்சர்."

"மேடையில் ஆர்மோனியம் இருந்து ஆள் இல்லை என்றால் அசிங்கமாக இருக்காதா? உட்காரு."

உட்கார்ந்தேன். கையை ஆட்டவில்லை, வாசித்தேன். அது வீம்பு. செத்துக் கிடந்த கட்டைகளின் மேல் ஒரு விரல் தப்பாமல், அந்தப் படியேறுகிற வரியையும் சேர்த்து, முழுப் பாட்டையும் வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எப்போதும் வாசித்ததில்லை. சுற்றிலும் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் கைதட்டிவிட்டு, "பாட்டும் பிரமாதம், ஆர்மோனியமும் பிரமாதம்" என்று மைக்கில் சொன்னார். அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால், சலவை வேட்டி கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக அப்பா நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "என் பொண்ணுதான் பொட்டி வாசிச்சுது. இன்ஸ்பெக்ட்ரஸே கை தட்டுனாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் வாசிக்கல நைனா. பொட்டி கெட்டுப் போச்சு. சத்தமே வரல."

"எனுக்குக் கேட்டுச்சே."

"கேட்டிருக்காது. காத்தே அடிக்கல நைனா."

அவர் என் பக்கம் திரும்பினார். அழுகை முட்டிக்கொண்டு நின்றதைக் கவனித்திருக்க வேண்டும். என் தலையில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"சரி உடும்மே. அவ்ளோ பெரிய அதிகாரியே நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்க. ஆசை தீந்துச்சுல்ல? நாளையிலேர்ந்து அஞ்சு மணி வண்டிக்கே வந்துடு."

தீரவில்லை நைனா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி, இன்ஸ்பெக்ட்ரஸ் கைதட்டிய கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.