மூன்றாவது டிக்

வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் அந்த அதிகாரி ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிய கணம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. தாளில் மூன்று கட்டங்கள். தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிக்கோபார். மூன்றிலும் நீல மையில் டிக். மூன்றாவதன் மேல் பேனாவை வைத்து, "யெ கிஸ்னே லகாயா?" என்றார். யார் போட்டது? நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த, நான் ஜூனியராக வேலை பார்க்கும் வக்கீல் மேடம், பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறோம் என்று இந்தியில் சொல்லி என்னை வெளியே கூட்டிவந்தார்.

அந்தத் தாள் ஒரு மனிதருடைய வேலை விசா நீட்டிப்புக்கானது. இலங்கைக்காரர், திருகோணமலை. வேகப் படகுகளின் எஞ்சின்களில் கைதேர்ந்தவர். போர்ட் பிளேரில் சுற்றுலாப் படகு விடும் ஒரு தனியார் நிறுவனம் அவரை வரவழைத்திருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "சார் எஞ்சினுக்குக் காய்ச்சல் பாக்கறார், யாரும் பேசாதீங்க!" என்று பட்டறைப் பையன்கள் கத்துவார்கள். அவரும் கண்ணைத் திறக்காமலே, "உங்கட சத்தத்திலதான் அதுக்குக் காய்ச்சலே வந்தது" என்பார். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு நான் தங்கச்சி. நீட்டிப்பு கிடைத்தால் மனைவியையும் மகளையும் அழைத்து வருவதாக இருந்தார். மகளுக்கு இங்கே பள்ளிக்கூடமே பேசி முடித்தாயிற்று.

நிக்கோபார் மாவட்டத்துக்குள் வெளிநாட்டவர் கால் வைக்க முடியாது என்பது எங்கள் ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். சட்டம் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் போட்டேன். காரணத்தைச் சொன்னால் தீவில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் சட்டென்று புரியும். இங்கே எந்த அரசு வேலைக்கு விண்ணப்பித்தாலும், எந்த மாவட்டத்தில் பணியாற்றச் சம்மதம் என்று கேட்பார்கள். மூன்றிலும் டிக் போட வேண்டும். நிக்கோபாரை விட்டவன் கஷ்டத்துக்குப் பயந்தவன், அவன் விண்ணப்பம் அடியில் போய்விடும் என்பது எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம். அப்பா மூன்று டிக் போட்டுத்தான் கார் நிக்கோபார் தீவில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தார். கல்லூரி முடித்து நானே பத்துப் படிவமாவது அப்படி நிரப்பியிருப்பேன். அண்ணனின் பணியிடம் பற்றிய இணைப்புத் தாள் கைக்கு வந்ததும் பேனா தானாக மூன்று முறை இறங்கியது. அன்று மதியத்துக்குள் நான்கு கோப்புகளை முடித்தேன் என்று பெருமைப்பட்டது வேறு. "பேட்டி, நீ ஃபாரம் நிரப்புறியா, ரேஸ் ஓடறியா?" என்று மேடம், மகளைக் கூப்பிடும் இந்திச் சொல்லோடு, கேட்டபோது சிரித்தேன். நிறுவனத்து மேலாளர் கையெழுத்துப் போட்டார். அண்ணனும் போட்டார். அவர்கள் இருவரும் நம்பியது என்னை.

அலுவலகப் படியில் இறங்கும்போதே மேடம், "டிக் யார் போட்டது?" என்றார். "பழைய காப்பியைப் பாக்கணும் மேடம்" என்றேன். பச்சைப் பொய். இரண்டு நாள் அந்தப் பொய்யோடு மின்னி பே பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். விதிகளைப் புரட்டினேன். இரண்டாம் நாள் மாலை ஒன்று கண்ணில் பட்டது: எழுத்துப் பிழையாக நேர்ந்ததை, செய்தவர் ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் திருத்திக்கொள்ள இடமுண்டு. அவ்வளவுதான். ஒரு கடிதம். எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை மேடத்தின் மேசைமேல் அதை வைத்து, "நான்தான் மேடம்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து அந்த ஆபீஸ்ல மெக்கானிக்கைத் தனியா கூப்பிட்டிருக்காங்க. ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுத்திட்டார். நிக்கோபாரைப் போடச் சொன்னதே நான்தான், கச்சாலில் எனக்கு அக்கா முறையில் ஒருவர் இருக்கிறார், பார்க்க ஆசை, அப்படின்னு."

கச்சால் நிக்கோபாரில் இருக்கும் தீவு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அவருக்கு அங்கே உறவு இருப்பது உண்மை. அவர் என்னிடம் கேட்டார் என்பது பொய். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாத்தம் துறையிலிருந்து பெர்ரி ஏறி எதிர்க்கரைப் பம்பூப்ளாட் போய்ப் பட்டறையில் அவர் முன்னால் நின்றேன். படபடவென்று கேட்டேன், ஏன், எதற்கு, யார் சொல்லி. அவர் கைத்துணியால் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கத்தாதேங்கோ தங்கச்சி. உங்கட பேர் வந்தால் வக்கீல் வேலை போயிடும் எண்டு அங்க ஆரோ கதைச்சினம். நீங்க இப்பதான் துவங்கிற பிள்ளை. எனக்கு எஞ்சின் எங்கேயும் கிடைக்கும்."

"அண்ணா, அது வெறும் தப்புன்னு சொல்லியிருந்தா திருத்தியிருக்கலாம்! இப்ப நீங்க வேணும்னே கேட்டதா ஆயிடுச்சு. இனிமே இந்தியாவுக்கே வர விடாம பண்ணலாம், தெரியுமா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவருக்கு அது தெரியாது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் காப்பாற்ற என்று அவர் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டது, எனக்கு வரவே வராத ஓர் ஆபத்தை. மூன்று நாள் முன்பு என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் இந்த மனிதர் எதையும் எழுதியிருக்க மாட்டார். "அப்ப நான்தான் கெடுத்துப்போட்டனோ?" என்று அவர் கேட்டார். என்னைக் கேட்டார்!

திரும்பி வந்து, கடிதத்தைக் கிழித்துவிட்டு, டிக் நானாகப் போட்டது, அவர் கேட்கவில்லை என்று பிரமாணப் பத்திரமாகவே எழுதினேன். "இது உன் பேர்ல நிக்கும். யோசிச்சியா?" என்றார் மேடம். "யோசிச்சேன்." "எப்ப?" "மூணு நாள் லேட்டா, மேடம்." அவரே அதைப் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அண்ணனின் வாக்குமூலம் கோப்பில் ஏறிவிட்டிருந்தது. நீட்டிப்பு மறுக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் கிளம்பச் சொன்னார்கள். மெயின்லேண்ட் விமானத்துக்கு அவர் போன காலை, பட்டறைப் பையன்கள் எல்லாம் அழுக்குச் சட்டையோடு விமான நிலைய வாசலில் நின்றார்கள். நான் தூரத்தில் நின்றேன்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் மிக மெதுவாகப் படிவம் நிரப்புகிறவள் நான்தான். கட்சிக்காரரை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துக் காட்டுகிறேன். சலித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் என் பிரமாணப் பத்திரத்துக்குப் பதில் வந்தது. அண்ணன்மீது தடை எதுவும் இல்லை; அங்கிருந்தே புதிதாக விண்ணப்பிக்கலாம். உடனே அவருடைய வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். மனைவி எடுத்தார். அவர் மாலைதீவுக்குப் போய்விட்டாராம். இரண்டு வருட ஒப்பந்தம். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, நீங்கதானா அந்தப் பிள்ளை? நீங்க வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்காமல், அக்காவைப் பாக்கிற ஆசையில நிக்கோபாரையும் போடச் சொன்னது தான்தான் எண்டு அவர் சொன்னவர். பிள்ளையிண்ட படிப்பையும் யோசிக்காமல்! அவர் இங்க நிண்ட மட்டும் நான் முகம் குடுத்துக் கதைக்கேல்ல, தங்கச்சி. போகேக்கயும் கதைக்கேல்ல."

வீட்டிலுமா? மனைவியிடமுமா அதையே சொன்னார்?

"அக்கா, அவர் என்கிட்ட எதுவுமே கேக்கல" என்றேன். "நானாப் போட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்கார். உங்ககிட்டயும்."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். முதல் நாளிலிருந்து, ஒன்றையும் விடாமல், மெதுவாக.