மங்கை டாக்டர் படத்துக்கு முன்னால் க்ரீம் பிஸ்கட்

அன்றைக்குக் காலையில் எங்கள் நாய் ஜிம்மிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. கைப்பேசி அடித்தது. லால்பேட்டை பாய்.

"அம்மா, நம்ம டாக்டரம்மா மவுத்தாயிட்டாங்களாம். கடலூர்ல வீட்லயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

அவர் வீட்டுப் பூனை கத்துவது மட்டும் கேட்டது. நான் உடனே அழவில்லை. ஜிம்மிக்கு இடது பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. அதையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அந்த அம்மாவுக்குப் பிடித்திருக்காது.

டாக்டர் மங்கையர்க்கரசியை உங்களுக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் அவர் கிளினிக் படி ஏறியவர்கள்தான். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கடலூரில் வீடு. தினமும் பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் திரும்புவார். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். என் பேத்தி காலேஜில் பாடம் நடத்துகிறாள், எங்கள் வம்சத்திலேயே முதல் ஆள். இதில் பிழை இருந்தால் அவள் திருத்திக் கொடுப்பாள். கோபத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் ஜாஸ்தியாக இருக்கிறது. அவர் போன மறுநாளே ஊரெல்லாம் போஸ்டர். "வாயில்லா ஜீவன்களின் தாயே" என்று பெரிய எழுத்து. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. ஒருமுறை கிளினிக்கில் யாரோ அப்படிச் சொன்னதும் கையிலிருந்த கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டார். "வாயில்லாத ஜீவனா? நாய்க்கு வாய் இருக்குங்க. அதுல நாப்பத்திரண்டு பல்லு இருக்கு. நீங்கதான் ஒரு நாளும் தொறந்து பாக்கல" என்றார். அவரைத் திட்ட வைத்த அதே வார்த்தையை அவர் தலைக்கு மேலேயே அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்.

அவர் உயிரோடு இருந்தபோது இதே ஊர் அவரை "பல்லு டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தது. நாய்க்குப் பல் தேய்க்கச் சொன்னார் என்று நான் வீட்டில் சொன்னபோது என் மருமகப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அத்த, அடுத்து அதுக்கு நாக்கு வழிக்கவும் சொல்வாங்க, பாரு." சிரித்தவர் சும்மாவும் இருக்கவில்லை. தான் தேய்க்கிற பேஸ்டையே ஜிம்மிக்கு எடுத்து வந்தார். நல்லவேளை, போனில் கேட்டேன். டாக்டரம்மா மறுமுனையில் கத்தினார். "அக்கா, தொடாதீங்க! நாம துப்பிடறோம். நாய் துப்புமா? முழுங்கிடும். மனுசப் பேஸ்டு அதுக்கு ஆவாது. வெறும் ஈரத்துணி போதும். மேலுதட்ட லேசாத் தூக்கி, பல்லும் ஈறும் சேர்ற எடத்துல வெளிப்பக்கமா தேய்ங்க. மொத நாளு ரெண்டு பல்லு போதும், அது பழகட்டும்." அன்றைக்குப் பழகியதுதான் இன்றும் செய்வது. ஜிம்மிக்கு இப்போது வயதாகிவிட்டது. பல் ஒன்றுகூட ஆடவில்லை.

பாயின் பூனைக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நானும் அன்று கிளினிக்கில் இருந்தேன். பாய் கூடையைத் திறந்து முறையிட்டார். "டாக்டரம்மா, இது என்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருக்கு. தட்டுக்கிட்ட ஆசையா வரும், வாய வைக்கும், உடனே தட்டப் பாத்துச் சீறிட்டு ஓடிடும். பிச்சாவரம் எறா வாங்கியாந்து உரிச்சுக் குடுத்தேன், அதுக்கும் சீறுது. என்னா தப்பு செஞ்சேன்னு தெரியல."

அவர் சிரிக்கவில்லை. பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, உதட்டை மெல்லத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். ஈறு முழுக்க ரத்தச் சிவப்பு. ஒரு பல் அடியில் அரித்துப்போயிருந்தது. "பாய், அதுக்கு உங்க மேல கோவம் இல்ல. கடிச்சா உயிர் போற வலி வருது. அந்த வலியத் தட்டுதான் குடுக்குதுன்னு நெனைக்குது. பூனை அழாது பாய். வலிய மறைச்சு மறைச்சே செத்துப்போவும்" என்றார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியத்துக்குப் பிறகு அந்தப் பூனை எந்தத் தட்டைப் பார்த்தும் சீறவில்லை. பாயைப் பார்த்து மட்டும் சீறுமாம். "அது பழக்க தோசம்" என்பார் பாய்.

இனி ஜிம்மி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. என் மகன் சாப்பிட்ட எலும்பை ஜிம்மிக்குப் போட்டான். வேகவைத்த எலும்பு போடாதே என்று டாக்டரம்மா சொல்லாத நாளில்லை. கொஞ்ச நேரத்தில் ஜிம்மி வாயை மூட முடியாமல் வாசலில் நின்றது. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிராண்டியது. நான் கிட்டே போனதும் சட்டென்று திரும்பியதில் பல் என் மணிக்கட்டில் கீறிவிட்டது. எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் தனசேகர் அதைப் பார்த்துவிட்டான். "வெறி புடிச்சிருச்சு! எல்லாம் உள்ள போங்க!" என்று ஒரே சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் கையில் உருட்டுக்கட்டையோடு நிற்கிறான். அவன் பின்னால் தெருவே நிற்கிறது.

நான் ஜிம்மியைக் கொல்லைப்பக்கம் விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னாலேயே நின்றேன். "தள்ளு பெரிம்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். "டாக்டரம்மா வந்து சொல்லட்டும், அப்புறம் என்னா வேணா செய்" என்றேன். மகன் கிளினிக்குக்குப் போன் போட்டு, அவர் கம்பவுண்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கும்வரை கதவைவிட்டு நகரவில்லை.

வந்தவர் முதலில் பார்த்தது நாயை இல்லை, என் கையை. "மொதல்ல கொழாயில சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்கக்கா. எதுவா இருந்தாலும் நீங்க ஊசி போட்டே ஆவணும்." அப்புறம் ஜன்னல் வழியாக ஜிம்மியையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன தின்றது என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "இதுக்கு வருசா வருசம் நான்தான் வெறிநாய் ஊசி போடறேன். இருந்தாலும் யாரும் கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, கம்பவுண்டரோடு உள்ளே போனார். மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்தால், மேலண்ணத்தில் இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் நடுவே எலும்புத் துண்டு பாலம் போட்டதுபோல மாட்டியிருந்தது.

இடுக்கியால் அதை எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து தனசேகர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதான்யா உங்க வெறி. சந்தேகப்பட்டது தப்பில்ல, எட்டி நின்னதும் தப்பில்ல. கட்டைய ஏன்யா எடுத்த? உனக்குக் கடவாப்பல்லு வலிச்சப்ப உம் பொண்டாட்டி கட்டைய எடுத்துட்டா வந்தா?" தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போகும்போது என்னிடம் சொன்னார்: "எச்சில் ஒழுகுது, வாய் நாறுதுன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா. வாயில நோவு இருக்குதுன்னு சொல்லுங்க. சொல்ற விதம் மாறினாத்தான் கட்டை கீழ எறங்கும்."

அவர் ஓயாமல் சண்டை போட்ட இன்னொன்று பிஸ்கட். தேய்பிறை அஷ்டமி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பைரவருக்கு வடைமாலை. பைரவர் வாகனம் என்று தெருநாய்களுக்குப் பிஸ்கட், சர்க்கரைப் பொங்கல், ஜாங்கிரி. மறுநாள் அதே நாய் வாசலில் படுத்தால் கல். அவர் கோயில் வாசலிலேயே நின்று கேட்பார்: "சாமி வாகனம்னு கும்பிடறீங்க. அப்புறம் ஏன்யா அது பல்லு இடுக்குல மாவையும் சக்கரையையும் அப்பறீங்க? அது எங்க போய் வாய் கொப்பளிக்கும்?" புண்ணியத்தைக் கெடுக்க வந்தவள் என்று ஏசினார்கள். அவர் காலுக்கு முன்னால் யாரோ ஒரு பாக்கெட்டை விட்டெறிந்ததை என் கண்ணால் பார்த்தேன். குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் சொல்லப் போனார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் போன மாதம் கிளினிக் வாசலில் பந்தல் போட்டு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. இழுத்துச் சாத்திய ஷட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு, மாலை போட்ட படம். முன்னின்று நடத்தியவன் வேறு யாருமில்லை, கட்டை எடுத்த தனசேகர்தான். படத்துக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன்.

"தனசேகரு, இது இன்னாது?"

"க்ரீம் பிஸ்கட்டு பெரிம்மா. டாக்டரம்மா நெனப்பா ஊர்ல இருக்கற நாய்ங்களுக்கெல்லாம் போடப் போறோம். ஒசத்தி சரக்கு."

"அந்தம்மா இருந்திருந்தா இந்தப் பொட்டிய உன் தலையில கவுத்திருக்கும்."

"துக்கக் காரியத்துல சண்ட வளக்காத பெரிம்மா. ஒரு நாளு சந்தோசமா தின்னுட்டுப் போவட்டுமே."

"ஒரு நாளா? அஷ்டமிக்கு ஒரு நாளு, உன் பொண்ணு பொறந்தநாளுக்கு ஒரு நாளு, எலெக்சன்ல ஜெயிச்சா ஒரு நாளு. பல்லு வலி மட்டும் தெனத்துக்கும் அதுக்கு."

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். பெரிய மனுஷி இப்படிப் பேசலாமா என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். பூனைக்கூடையோடு வந்திருந்த பாய் மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். தனசேகர் என்னைக் கண்டுகொள்ளாமல் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, கூடியிருந்த நாய்களுக்குத் தூவினான். கடைத்தெருவில் திரியும் கிழட்டு வெள்ளை நாய் ஒரு பிஸ்கட்டைக் கவ்வியது. கடித்தது. வீல் என்று கத்திக் கீழே போட்டுவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டது.

"வயிறு ரொம்பிருச்சு போல" என்றார் ஒருவர்.

அப்போது மைக்கில் மௌன அஞ்சலி என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான். அந்த நாய் முனகிக்கொண்டே இருந்தது. அதன் இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடியே நின்றார்கள். என்னால் மௌனமாக இருக்க முடியவில்லை. இருந்திருந்தால் எனக்கு வெட்கம்.

"குனிஞ்ச தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கடா! அந்தம்மா படத்துக்கு முன்னாடியே ஒண்ணு பல்லு வலியில துடிக்குது. கண்ணுக்குக் கீழ வீங்கினா மேல்கடவாப்பல்லு வேரப் பாருன்னு எத்தன தடவ சொன்னாங்க? தேனீ கொட்டிச்சுன்னு மஞ்சள் தடவிட்டுப் போவாதன்னு சொன்னாங்களா இல்லியா?"

தனசேகர் நாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஜிம்மி கணக்காவா பெரிம்மா?"

"அதே மாதிரி வாய் நோவுதான். இப்ப கட்டைய எடுக்கல, பிஸ்கட்ட எடுத்துட்டு வந்திருக்க."

இரங்கல் பேச வந்திருந்த இளம் கால்நடை டாக்டர் ஒருவர், எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "தெருநாய், யாரும் கைய வைக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். கம்பவுண்டர் இடுப்பிலிருந்து கிளினிக் சாவியை எடுத்தார். ஷட்டரைத் தூக்க வேண்டுமானால் படத்தை நகர்த்த வேண்டும். மாலை போட்ட படத்தை எப்படி நகர்த்துவது என்று ஆளுக்கு ஆள் தயங்கினார்கள். தனசேகர்தான் போய் நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைத்தான். ஷட்டர் மேலே போனது. உள்ளே மருந்து வாசனை அப்படியே இருந்தது.

கடவாப்பல் இரண்டாகப் பிளந்து, உள்ளே சீழ் கோத்திருந்தது. மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நாய் மளிகைக்கடை வாசலிலேயே படுத்திருக்கிறது. தனசேகர் தயிர்ச்சோறு பிசைந்து வைக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம் பல் பராமரிப்பைப் பற்றி, தானே கண்டுபிடித்ததுபோலப் பாடம் நடத்துகிறான். நடத்தட்டும். அந்த அம்மா தொண்டை கிழியச் சொன்னபோது இந்தக் காது எங்கே போயிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. செத்த பிறகு மாலை போட ஆயிரம் கை வருகிறது. உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு விரல் போதும், அது வரவில்லை.

ஜிம்மி வாயிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை நான் கழுவி, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எலும்பையா சாமி மாடத்தில் வைப்பது என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். அது அங்கேதான் இருக்கும். விரலில் சுற்றும் துணி இருக்கிறது. அவர் கோபமும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பொட்டு குறையாமல். வருகிற அஷ்டமிக்குப் பைரவர் கோயில் வாசலில், அவர் நின்ற அதே இடத்தில் நான் நிற்பேன். பாயும் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து காவல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.