கறுப்புக் கம்பியும் மாதா சுருவமும்

அன்று மாலை ஆறு மணிக்கு கனடாவில், எங்கள் வோபர்ன் வீட்டுக்கு மாதா சுருவம் வருவதாக இருந்தது. கிழமைக்கு ஒரு வீட்டில் அந்த மாதா சிலையை வைத்துச் செபமாலை சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். காலையில் பார்த்தால் ஹோல் லைற்றின் சுவிச் செத்துக் கிடந்தது.

"தம்பியைக் கூப்பிடுவம்," என்றாள் மனைவி.

அவளுடைய தம்பி, என் மச்சான், பக்கத்தில் மோர்னிங்சைட்டில் இருக்கிறான். லைசென்ஸ் எடுத்த எலெக்ரீசியன். போன முறை குளியலறை விசிறி பூட்ட வந்தபோது, "அத்தான், நீங்கள் ரோச் லைற்றைப் பிடியுங்கோ," என்றான். பிடித்தேன். "சரியாப் பிடியுங்கோ," என்றான். என் வீட்டில், எனக்கு! அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

"சும்மா இரப்பா. ஊரில நான் எத்தினை சுவிச் மாத்தின்னான் தெரியுமே?"

உண்மையில் ஒன்றுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது தலைகீழாகப் பாடம்: சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. உயிரில் கரண்ட் வரும், நொதுமலில் திரும்பிப் போகும். சுவிச் வெட்ட வேண்டியது உயிரை.

கீழே பேஸ்மன்றுக்குப் போய் ஹோலுக்குக் கரண்ட் போகும் பிறேக்கரை நிறுத்தினேன். அந்தளவு அறிவு இருந்தது. சுவிச்சைக் கழற்றினால், கறுப்பு இரண்டும் அதில் பூட்டியிருந்தன. வெள்ளை இரண்டும் பின்னால் ஒன்றாக முறுக்கி மூடிக் கிடந்தன. சிவப்பே இல்லை. கறுப்பு நொதுமல் என்றால் வெள்ளைதானே உயிர்? எவனோ விசரன் மாறிப் பூட்டியிருக்கிறான்! கனடா, கனடா என்று துள்ளுகிறார்கள், ஒரு சுவிச் ஒழுங்காகப் பூட்டத் தெரியவில்லை. வெள்ளை இரண்டையும் பிரித்துப் புதுச் சுவிச்சில் பூட்டி, கறுப்பு இரண்டையும் முறுக்கி மூடி உள்ளே தள்ளினேன். பிறேக்கரைப் போட்டுத் தட்டினால் லைற் பளிச்சென்று எரிந்தது. நிறுத்தினால் நின்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாலையில் சுருவத்தோடு இருபது பேர் வந்தார்கள். புதுச் சுவிச்சை முதலில் கண்டவன் மச்சான்தான்.

"ஆர் அத்தான் மாத்தினது?"

"நான்தான். முந்திப் பூட்டினவனுக்கு மண்டையில ஒண்டுமில்லை. கறுப்பைச் சுவிச்சில குடுத்திருக்கிறான். நான் வெள்ளையைக் குடுத்துச் சரியாக்கிப் போட்டன்."

மச்சானின் முகம் வெளிறியது. பேஸ்மன்றுக்கு ஓடிப் பிறேக்கரை நிறுத்தினான். ஹோல் இருண்டது.

"கரண்ட் போயிட்டுது," என்றார் ஒரு அன்ரி, பக்கத்துக் குசினியில் லைற் எரிந்துகொண்டிருக்க. ஒருவரும் பதறவில்லை. மெழுகுதிரியைக் கொளுத்திச் செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மச்சான் என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனான். மனைவியும் பின்னால் வந்தாள்.

"அத்தான், இந்த நாட்டில கறுப்புத்தான் உயிர். வெள்ளைதான் நொதுமல். நீங்கள் திரும்பிப் போற வழியை வெட்டி வைச்சிருக்கிறியள். சுவிச்சை நிப்பாட்டினாலும் பல்பு வரைக்கும் உயிர் இருக்கும்."

"லைற் நிண்டதே?"

"லைற் மட்டும்தான் நிண்டது. சனிக்கிழமையில அக்கா என்ன செய்யிறவ? சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, ஏணியில ஏறி, ஈரத்துணியால பல்பைத் துடைக்கிறவ."

மறுநாள் சனிக்கிழமை.

ஹோலில் இருபது குரல்கள், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்றன. இத்தனை வருடம் நித்திரைக் கலக்கத்தில் முணுமுணுத்த வரி. அன்றுதான் அதை மனதாரச் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

செபம் முடிந்ததும் மச்சான் சுவிச்சைக் கழற்றப் போனான். ரோச்சைப் பிடிக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. நானே அலுமாரியிலிருந்து ரோச்சை எடுத்து வந்து பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் சுவிச்சில் நிற்காமல் சுவர் முழுக்க ஓடியது.

"சரியாப் பிடியுங்கோ," என்றாள் மனைவி.