நாய்க்குட்டிக்காக உயர்த்திய சுவர்

எங்கள் நாய் செவலை ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. காலையில் பட்டை அள்ளப் போன மேஸ்திரிதான் பார்த்தார். வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அத்தாவிடம் சொன்னார். மனுசர் செத்தால்தான் அவர் அப்படித் துண்டை அவிழ்ப்பார்.

பேகம்பூருக்கு வெளியே ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடும் எங்கள் ஷாப்பும் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. வீட்டுக்குள் நாய் நுழையக் கூடாது. நுழைந்தால் வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்பாள் அம்மா. நாய் வாய் வைத்த சட்டியை மண் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவாள். அதனால் செவலை ஷாப்பு நாய். எனக்கு மட்டும் அது பள்ளிக்கூடத்து நாய். நான் பையைத் தூக்கினால் முன்னால் ஓடும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாளெல்லாம் படுத்துக் கிடந்து, கடைசி மணி அடித்ததும் எழுந்து உடம்பை உதறும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்த நாயை நம்பித்தான் அம்மா என்னை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் விட்டு வைத்தாள்.

ஆறாம் வகுப்புக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். செவலை செத்தது அந்தக் கோடை விடுமுறையில். அழுது முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இனி எப்படிப் பள்ளிக்கூடம் போவேன் என்பதுதான்.

"நாயே செத்துப்போச்சு. யாரு கூடடி போவ?" என்றாள் அம்மா.

நல்லவேளையாக மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தோல் வாங்க ஊர் ஊராகப் போகிறவர். எந்த ஊருக்குப் போனாலும் தோலோடு ஒரு சேதியும் கொண்டு வருவார். இந்தத் தரம் கொடைக்கானல் சேதி. ஊரைக் காலி செய்துகொண்டு போகிற வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறதாம்.

"அல்சேசன் மச்சான். வளந்தா கன்னுக்குட்டி ஒசரம் நிக்கும். ஒரு பய நம்ம வளவுப் பக்கம் தலை காட்ட மாட்டான்."

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "அது வரட்டும்மா. வந்து வளரட்டும். பெறகு அது கூட நீ பள்ளிக்கூடம் போவியாம்" என்றார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ரயில்வே கேட்டில் கன்றுக்குட்டி உயர நாயோடு நான் நிற்பதும், மற்றப் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவதும் அன்றைக்கே கண்ணில் தெரிந்தன.

வளவு முழுக்க ஏற்பாடு தொடங்கியது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தென்னங்கிடுகு வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார்கள். படுக்கத் தோலை விரிக்கலாமா என்று அத்தா கேட்டதற்கு மேஸ்திரி சிரித்தார்.

"தோல விரிச்சா படுக்கையத் தின்னுப்புட்டுத்தான் படுக்கும் மொதலாளி. சாக்கே போதும். இருந்தாலும் வெள்ளக்காரன் வீட்டுப் பிள்ள பாருங்க, கட்டில் கேட்டாலும் கேக்கும்."

அத்தா தன் கையாலேயே நல்ல தோலாகப் பார்த்து ஒரு கழுத்துப்பட்டை வெட்டினார். குட்டிக்கு இல்லை, வளர்ந்த நாய்க்கு. அது என் இடுப்பைச் சுற்றி வரும். பட்டையும் சங்கிலியும் ஆணியில் தொங்க, நான் தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

மாமா ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அந்தக் குட்டிக்குத் தமிழ் விளங்காது, பிறந்ததிலிருந்து இங்கிலீசு மட்டுந்தான் கேட்டிருக்கிறது என்று. எங்கள் வீட்டில் இதை யாரும் சந்தேகப்படவில்லை. ஷாப்பில் அத்தனை ஆட்கள் இருந்தும் ஏபிசிடி தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

"நம்ம பிள்ள படிச்சிருக்குல்ல, அது பேசிக்கிரும்" என்றார் அத்தா. நான் படித்ததைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தரந்தான்.

நாய்க்கு வேண்டிய வார்த்தைகளைக் கேட்டு வர என்னை மேஸ்திரியோடு ஐந்தாம் வகுப்பு டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார்கள். டீச்சர் வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தார். கழுத்துச் சிலுவை வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பாடம் நடத்துவது போலவே சொல்லிக் கொடுத்தார். கம். சிட். ஈட். ஸ்டே.

"ஸ்டேன்னா என்ன டீச்சர்?"

"அங்கயே இருன்னு அர்த்தம். சரி, ஆறாவதுல எப்பச் சேரப் போற?"

"நாய் வளந்ததும் டீச்சர்."

டீச்சர் மேஸ்திரியைப் பார்த்தார். அவர் காய்ந்த மிளகாயைப் பார்த்தார்.

"இவுக அத்தாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்கய்யா. அம்புட்டு நல்லாப் படிக்கிற பிள்ள."

"சொல்றேம்மா" என்றார் மேஸ்திரி. திரும்பி வரும் வழியில் அவர் ஒரு கேலியும் பேசவில்லை. நான் நாலு வார்த்தையும் மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கொத்தனார் வந்திருந்தார். எங்கள் வளவுச் சுவர் என் கழுத்தளவுதான் இருக்கும். அதன் மேல் முகத்தை வைத்துக்கொண்டால் ரோடும், ஜட்கா வண்டிகளும், அந்தப் பக்கம் மலைக்கோட்டைப் பாறை முழுவதும் தெரியும். அந்தச் சுவரை உயர்த்தப் போகிறார்களாம். கேட்டில் இருந்த இடைவெளிகளுக்கும் பலகை அடித்தார்கள். புதுப் பூட்டு ஒன்றும் வந்தது.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"குட்டி தாவி ஓடிராம இருக்கத்தான்" என்ற அம்மா, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

குட்டி ஓடிவிடக் கூடாதே என்று நானும் சின்னச் சட்டியில் மண் சுமந்தேன். "தாயி, இம்புட்டு வேலை செய்றியே, கூலி என்ன வேணும்?" என்று கொத்தனார் கேலி செய்தார். இன்னும் கொஞ்சம் உயரமாக வையுங்கள், அல்சேசன் நல்லாத் தாவும் என்றேன். வைத்தார். வேலை முடிந்த அன்று பாறையின் உச்சி மட்டுந்தான் தெரிந்தது.

குட்டி ஒரு பழக்கூடையில் வைக்கோலுக்கு நடுவே வந்தது. மாமா கூடையைக் கவிழ்த்ததும் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுங்கியது. எல்லோரும் சுற்றி நிற்க நான் முன்னால் போய், "கம்" என்றேன். அது மூத்திரம் பெய்தது. "கம்! கம்!" என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஸ்திரி நாக்கைத் தட்டி, "ஏலே அப்பு, இங்கிட்டு வாடா" என்றார். விழுந்தடித்துக்கொண்டு அவர் காலடிக்கு ஓடியது. கொடைக்கானலில் அதற்குச் சோறு வைத்தவன் தமிழன்தானே. ஷாப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் படித்த படிப்பு நாய்க்குக்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எனக்குக் கவலையில்லை. சீக்கிரம் வளர வேண்டுமென்று என் பங்கு முட்டையையும் ஆட்டுப்பாலையும் அம்மாவுக்குத் தெரியாமல் அதற்குத்தான் கொடுத்து வளர்த்தேன். கேட்டுப் பலகையில் அதை நிற்க வைத்துக் கரியால் கோடு போடுவேன். கோடு ஏற ஏற, பள்ளிக்கூடம் கிட்டே வந்தது.

அடுத்த கோடைக்குள் அது அத்தாவின் தோளில் முன்னங்கால் போட்டு நின்றது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எனக்கு உள்ளறையில் தண்ணீர் ஊற்றி, புதுத் தாவணி கட்டி, இனி வாசல் பக்கம் போகக் கூடாதென்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். அது வாசலோடு நிற்கிற காரியம் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் வேறு கணக்கு. அதற்குத்தான் நாய் இருக்கிறதே.

ஒரு நாள் அத்தா கதவோரம் உட்கார்ந்து கழுத்துப்பட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இப்போது அது நாய்க்குச் சரியாக இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, "அத்தா, நாய் வளந்துருச்சு" என்றேன்.

அவர் கை நின்றது. தலையைத் தூக்காமலே, "அது ஒங்கூட வந்துட்டா கேட்ட யாரும்மா பாக்குறது?" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வளவுக்கு ஒரு நாய், எனக்கு ஒரு நாய் வேண்டும். இது ஏன் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை? மாமா எப்போது வருவார் என்று அன்றிலிருந்து அம்மாவை நச்சரித்தேன். அம்மா என் தலையைப் பிடித்திழுத்துப் பேன் பார்ப்பாள்.

மாமா வந்தார். கேட்டில் நாய் வளவே அதிரக் குரைத்தது. நெய்க்காரப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக அவர் மெதுவான குரலில் அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் கூடை இருக்கிறதா என்று நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.