சனிக்கிழமை அடைத்த கதவு

ரீக்கா நிஸ்காலா தன் நிலத்தில் போட்ட முதல் கூரை சவுனாவுக்குத்தான். அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கே வந்து சேர்ந்த பின்லாந்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கட்டைகளை அடுக்கி முதலில் ஒரு நீராவிக் குளியல் குடில். உள்ளே கல் அடுப்பு, சுவரோரம் இரண்டு பலகைப் படிகள். வீடு கட்டக் கைகூடும்வரை குடித்தனமும் அதற்குள்ளேதான்.

அவள் கணவன் கால்லே வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவன் என்று எந்தச் சுரங்கமும் அவனுக்கு வேலை தரவில்லை. அதனால்தான் பெரும்பாலும் அடிமரங்களே மிஞ்சிய இந்தக் காட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்காக வெட்டிய மரம் கால்லேயின் மேலேயே சாய்ந்தது. பிறகு வீட்டுப் பேச்சு எழவில்லை. ரீக்காவும் மகள் ஐலியும் சவுனாவிலேயே இருந்துவிட்டார்கள்.

பக்கத்து நிலம் எஸ்ரா ப்ரூயிட்டுடையது. கிழக்கே மேய்ன் மாநிலத்திலிருந்து முன்பே வந்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே காடு முழுவதும் தமக்குச் சேர வேண்டியது என்று நினைப்பவர். ரீக்காவின் ஓடைக்கரைப் புல்வெளியில் அவருக்கு ஒரு கண். பின்லாந்துக்காரர்கள் உடம்பில் ஆவி பறக்க அம்மணமாகப் பனியில் ஓடுகிறார்கள், இலைக்கட்டால் அடித்துக்கொள்கிறார்கள், அந்தக் குடிலில் நடப்பது பேய் பூசை என்று கடைத்தெருவில் சொல்லி வந்தார். ரீக்காவும் சளைத்தவள் இல்லை. வேலி தாண்டி வந்த அவருடைய மாட்டைக் கறந்துகொண்டுதான் திருப்பி ஓட்டினாள்.

அரசாங்கம் கொடுத்த நிலம் சொந்தமாக வேண்டுமென்றால் அங்கே வீடு கட்டி வாழ்ந்து காட்ட வேண்டும். அவளுக்கு வீடே இல்லை என்று ப்ரூயிட் மனுப்போட்டார். விசாரிக்க வரும் அதிகாரியைத் தம் பனிவண்டியிலேயே அழைத்து வருவதாகவும் ஏற்பாடு செய்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது சனிக்கிழமை, பின்லாந்துக்காரர்கள் சவுனாவில் குளிக்கும் நாள்.

சனிக்கிழமை ஒரு விருந்தாளி வருகிறார் என்றால் ரீக்காவுக்குத் தோன்றியது ஒன்றுதான்: சவுனாவை நன்றாகச் சூடாக்க வேண்டும். காலையிலேயே கட்டில், மேசை, பெட்டி, உத்தரத்தில் கோத்துத் தொங்கிய ரை மாவு ரொட்டிகள் எல்லாவற்றையும் ஆவியில் நனையாமலிருக்க வழக்கம்போல வெளியே பனியில் எடுத்து வைத்தாள். தரையைத் தேய்த்துக் கழுவி அடுப்பை மூட்டினாள்.

அதிகாரி மீசையில் உறைபனியோடு வந்து இறங்கினார். எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். சுரங்க விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது கற்ற ஆங்கிலத்தால் அவளுக்கு அது புரிந்தது. பனியில் கிடந்த கட்டிலைக் கை காட்டினாள். காட்டிய பிறகுதான் தான் செய்துவைத்த காரியம் உறைத்தது.

"மத்த நாள்ல இது உள்ள இருக்கும். இன்னைக்குச் சனிக்கிழமை."

"சனிக்கிழமையானா வீடு காணாமப் போயிடுமோ?" ப்ரூயிட் சிரித்தார். "நான் சொன்னேன்ல சார்? குளிக்கிற கொட்டாயக் காட்டி நிலம் கேக்குறா."

ரீக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. "என் பொண்ணு பொறந்தது உள்ள இருக்குற மேல்பலகையில. என் புருஷன் பொணத்த நான் கழுவினதும் அதே பலகையிலதான். வீடுன்னா இன்னும் என்ன வேணும்? உள்ள போய்ப் பாருங்கய்யா. குளிர்ல நிக்காதீங்க."

அதிகாரி குனிந்து உள்ளே போனார். ப்ரூயிட்டும் பின்னாலேயே கால் வைக்கப் போனார். ரீக்கா கதவை இழுத்து அடைத்து அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். சனிக்கிழமை சவுனாவுக்கு வருபவன் பகையாளியானாலும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"நகரு, காத்து அறுக்குது."

"உள்ள பேய் பூசை நடக்குதே. நீங்க நல்ல கிறிஸ்தவரு. வெளியிலயே நில்லுங்க."

அவர் எவ்வளவு வைதும் அவள் நகரவில்லை. கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு அவள் கட்டிலிலேயே போய் உட்கார்ந்தார்.

அதிகாரி முகம் சிவந்து வெளியே வந்தார். தரையில் ஒரு மூலையில் நான்கு குழிகள் இருப்பதாகவும், அங்கிருந்து வாசல்வரை கோடு தேய்ந்திருப்பதாகவும் சொல்லி, எதனால் என்று கேட்டார். வாராவாரம் கட்டிலை இழுப்பதால் என்றாள். அவர் ப்ரூயிட்டை எழுந்திருக்கச் சொன்னார். கட்டிலின் ஒரு முனையைத் தாமே பிடித்து உள்ளே இழுத்துப் போனார். நான்கு கால்களும் நான்கு குழிகளில் சரியாக இறங்கின.

நிலம் அவளுடையதாயிற்று. ஆனால் அங்கிருந்த பின்லாந்துக்காரர்களுக்கே மனத்தாங்கல். சனிக்கிழமை ஒருவனை வெளியே நிறுத்தியது பெரிய பாவம் என்று ஊர்க் கூட்டத்தில் வைத்துச் சொன்னார்கள்.

"சனிக்கிழமைன்னா நாய் வந்தாலும் உள்ள விடுவேன்," என்றாள் ரீக்கா. "அந்த ஆள விடமாட்டேன்."

பிறகு அவள் இரண்டு அறை வைத்து ஒரு வீடும் கட்டினாள். குளிரில் உறைந்துபோன ப்ரூயிட்டின் இடது காதில் நுனி இல்லாமல் போயிற்று. கடையில் எதிர்ப்பட்டபோதெல்லாம் அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவள் நின்று நிதானமாக அந்தக் காதைப் பார்த்துவிட்டுத்தான் உப்பு வாங்குவாள்.