சிம்பலுக்குப் பின்னால் ஒரு குரல்

உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே இரண்டு விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் தம்பி டிரம்ஸ் குச்சிகளைக் கையில் எடுப்பார். இடைவெளி குறைந்தால், தாளம் சூடு பிடிக்கும்போது மைக் வந்து பல்லில் இடிக்கும். முன்பல்லின் ஓரம் போனது அப்படித்தான். கூடினால் டிரம்ஸ் சத்தம் அவர் குரலை விழுங்கிவிடும். வலது கை வீச இடம் வேண்டும் என்பதால் மைக் இடது பக்கத்திலிருந்து நீண்டு வரும். ஆகவே ஆள் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாலும் பாட்டு என்னவோ பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் வரும். மறுநாள் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடும் மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டு: "பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து பாடுற ஆளுக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?"

தம்பிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. இசைக்குழுவின் பாடகர் இவருடைய கூடப்பிறந்த அண்ணன் என்பதால் குழுவில் அத்தனை பேருக்கும் இவர் தம்பிதான். மகன் வயதில் இருக்கும் கிட்டார்காரர் மட்டும் மரியாதையை விட முடியாமல் "தம்பியண்ணே" என்பார். பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறார். கிளச்சுக்கு ஒரு கால், பிரேக்குக்கு ஒரு கால், கியருக்கு ஒரு கை, ஸ்டியரிங்குக்கு ஒரு கை என்று பழகிய உடம்பு. கூடவே வாயையும் சேர்த்துக்கொள்வது பெரிய விஷயமா என்று கேட்பார். பெரிய விஷயம்தான். பாட்டு ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும்; மூச்சு எடுக்கிற இடத்தில் கை தளர்ந்தால் குழுவே தடுமாறும். எந்த அடிக்குள் எந்த மூச்சை ஒளிப்பது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

டிரம்ஸ் இல்லாமல் பாடச் சொன்னால் ஆள் காலி. ஒருமுறை வற்புறுத்தி முன்னால் நிறுத்தினார்கள். முதல் வரியிலேயே வலது குதிகால் தன் வேலையைத் தொடங்கிவிட, மரமேடை அதிர்ந்தது. கீபோர்டு வாசிக்கும் பெண் வாசிப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். அதோடு சரி. பின்பாட்டு என்றால் என்ன என்று கேட்டால் அவரிடம் ஒரே விளக்கம்தான். "அண்ணன் பேசுவாரு. நான் பின்னாடி இருந்து ஆமா போடுவேன். அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான் என்பது முழு உண்மையில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதம் பாடவில்லை. தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார். குரல் திரும்பி வந்தது, ஆனால் மேலே ஓர் இடம் மட்டும் எட்டவில்லை. பாழாய்ப்போன அந்த இடம் கடைசிப் பாட்டில், எல்லாரும் காத்திருக்கும் உச்ச வரியில் இருந்தது. முதல் நிகழ்ச்சியிலேயே அண்ணன் திணறுவது தம்பிக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டான பெரிய சிம்பலை ஓங்கி ஓர் அடி அடித்து, அந்தச் சத்தத்துக்குள் புகுந்து, அண்ணனைப் போலவே வரியைப் பாடி முடித்தார். கூடப்பிறந்த குரல், மேடை ஸ்பீக்கரில் எல்லாம் கலந்து வந்ததில் அண்ணனுக்கே அது தன் குரலாகத்தான் கேட்டது. "தொண்டை சரியாயிடுச்சுடா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லா நிகழ்ச்சியிலும் இதே கதை. சவுண்டுக்காரர் மட்டும் கூட்டாளி. தெரிந்தால் அண்ணன் பாட்டையே விட்டுவிடுவார், ஷட்டர் மறுபடி பாதியில் நிற்கும் என்ற பயம் தம்பியை ஒருநாளும் விட்டதில்லை.

போன மாதம் குட்டு உடைந்தது. நிகழ்ச்சிப் பதிவைக் கேட்க வந்த அண்ணனுக்கு ஹெட்போனை மாட்டிவிட்ட சவுண்டுக்காரர், கைதவறி அண்ணனின் மைக் பதிவுக்குப் பதிலாகத் தம்பியின் மைக் பதிவைத் தனியாக ஓடவிட்டார். டமடமவென்ற அடிக்கு நடுவே தன்னுடைய உச்ச வரி தம்பியின் வாயிலிருந்து வருவதை அண்ணன் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார். வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் ஒத்திகைப் பக்கமே வரவில்லை. காலையும் மாலையும் வேனைக் கடை வழியாகவே திருப்பினார் தம்பி. ஷட்டர் பாதியில்தான் நின்றது. ஏன் சுற்றிப் போகிறோம் என்று பிள்ளைகள் கேட்டபோது வழக்கமான ரோடு சரியில்லை என்றார்.

ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சிக்கு அண்ணன் வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் இருவரும் தனியாக நின்றபோது கேட்டார்:

"எத்தனை நாளாடா?"

"ரெண்டு வருஷம்ண்ணே."

"சிம்பலை ஏன்டா இந்தப் போடு போடுறேன்னு திட்டலாம்னு இருந்தேன்."

தம்பி குச்சியைத் தேடுகிற சாக்கில் பைக்குள் குனிந்துகொண்டார்.

கடைசிப் பாட்டும் வந்தது, உச்ச வரியும் வந்தது. பழக்கதோஷத்தில் தம்பியின் வலது கை சிம்பலுக்கு மேலே போய்விட்டது. அண்ணன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தன் மைக்கை நெஞ்சுவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தபடி நின்றார். தம்பி கழுத்தை இடது பக்கம் திருப்பி வரியை எடுத்தார். கால் பெடலை விடவில்லை. ஓங்கிய குச்சியை மடியில் போட்டுவிட்டு, அந்தக் கையால் சிம்பலின் விளிம்பை, அது முனகக்கூட முடியாதபடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.