பத்து மணிக்கும் நாலு மணிக்கும்

காலை பத்துக்கு ஒரு தடவை, மாலை நாலுக்கு ஒரு தடவை. அதற்கு மேல் மெயிலைத் தொடுவதில்லை என்று போன வருஷம் முடிவெடுத்தேன். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சரக்கு வரவழைப்பதும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. நாள் முழுக்கச் சிணுங்கிய செல்போனின் வாயை அடைத்ததும் தலை லேசானது. டீக்கடையில் நின்று, "என் நேரத்துக்கு நாந்தாம்லே மொதலாளி" என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் அவசரம் என்றால் ஃபோன் வரும். மெயிலில் வருவது விலைப்பட்டியலும் பொங்கல் வாழ்த்தும்தான். அந்தத் துணிச்சல் எனக்கு. ரசாயனம் அனுப்பும் கம்பெனி, இனி எல்லாத் தகவலும் மெயிலில் மட்டுமே என்று எழுதியிருந்தது. படித்தேன், ஒதுக்கி வைத்தேன்.

ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு மருந்து அறையில் தீப்பிடித்தது. குச்சி முனைக்கு மருந்து கலக்குகிற அண்ணாச்சிக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மணி நாலு. பாழாய்ப்போன பழக்கம், மெயிலைத் திறந்தேன்.

நேற்று அனுப்பிய மூட்டைகளில் வேறு ரசாயனம் கலந்துவிட்டது, பிரிக்க வேண்டாம் என்று ரசாயனக் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. வந்த நேரம் பத்து நாற்பது. புது மூட்டையைப் பிரித்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று மணி நேரம் என் கையில் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் மேஜை டிராயரைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள், விபத்து ரிப்போர்ட் எழுத விவரம் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக ஊட்டினேன்.

"ஏங் கைதான் அவசரப்பட்டுட்டு தம்பி. வேகமாக் கிண்டிட்டேன் போல. மொதலாளி மேல குத்தமில்ல, அவிய பாவம். அப்படியே எழுதிருங்க" என்றார்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவர் அடுத்த சுளைக்கு வாயைத் திறந்தார். பயம் வந்துவிட்டது எனக்கு.

"சரி அண்ணாச்சி" என்றேன்.

ஆபீஸுக்கு வந்து அவர் சொன்னபடியே எழுதினேன், தொழிலாளியின் அவசரமே விபத்துக்குக் காரணம் என்று. பிறகு அந்த மெயிலை அழித்தேன்.